என் ‘கோ’வுக்கு இடம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசி விளையாட்டால் பிள்ளைகளின் தமிழ் பாழாகிறது என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் நியாயமானதுதான். ஆனால் எங்கள் வீட்டில் அந்த விளையாட்டு செய்யாத ஒரு காரியத்தை ஓர் இணையப் படிவம் செய்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 68. மயிலாடுதுறை கூறைநாட்டில் 1984 முதல் 2019 வரை ஒரு மாடி அறையில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தினேன். தமிழுக்கு மூன்று மெஷின், ஆங்கிலத்துக்கு மூன்று. காலை ஆறு மணிக்கே முதல் செட் வந்துவிடும். கீழே டீக்கடையில் பால் காயும் வாசனை, மேலே இடக்கை நான்கு விரலுக்கும் ‘ய ள ன க, ய ள ன க’. முப்பத்தைந்து வருஷம் எழுத்தோடு மட்டுமே பிழைத்தவள் நான். ஆகையால் எழுத்து சம்பந்தமாக யாராவது வம்புக்கு வந்தால் எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

காலாண்டு விடுமுறைக்கு மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு. 2020இல் பள்ளிக்கூடம் கைபேசிக்குள் வந்தபோது அவன் கையில் கொடுத்தது, பள்ளிக்கூடம் திரும்பப் போய்விட்டது, கைபேசி போகவில்லை. (அந்த வருஷம் செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்த அன்று எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ராத்திரி சாப்பிடவில்லை. துக்க வீடு மாதிரி அவன் அம்மா என்னிடம் வந்து சொன்னாள்.) பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறா வேறு. அதற்குத் தமிழகத்தில் 2023இல் சட்டம் வந்தது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் தடைச் சட்டம் இயற்றியது. இரண்டுக்கும் நான் கை தட்டியவள். பேரன் ஆடுவது அது இல்லை. தீவில் குதித்து, துப்பாக்கி பொறுக்கி, கடைசியில் யார் மிஞ்சுகிறார்கள் என்று பார்க்கிற ஆட்டம்.

ஒரு நாள் மதியம் திண்ணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவன் பேசும் தமிழ் எனக்குப் பாதிதான் புரிந்தது. “லேக் அடிக்குதுடா”, “பிங் ஏறிடுச்சு”, “என்னை ரிவைவ் பண்ணு, பாய்”. பிங் என்றால் என்னடா என்று கேட்டேன். செத்துப்போய் மறு ஆட்டத்துக்குக் காத்திருந்ததால் பதில் சொன்னான். நாம் விரலை அழுத்தினால் அந்தச் செய்தி எங்கேயோ இருக்கிற கணினிக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரமாம். ஒரு நொடியை ஆயிரமாகக் கூறு போட்டு அளக்கிறார்கள். நாற்பது, ஐம்பது என்றால் நல்ல காலம். இருநூறைத் தாண்டினால், எதிரி தெரிவதற்குள் இவன் செத்திருப்பான். “நாம சுட்டது லேட்டா போய்ச் சேரும் அம்மாச்சி.” தட்டச்சில் ஆங்கில ஹையர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 45 சொல் அடிக்கப் பிள்ளைகளை விரட்டியவள் நான். வேகத்தின் அருமை எனக்குத் தெரியாதா? சரி என்று கேட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் திரையில் அவன் பெயரைப் பார்த்தேன். தமிழில் இருந்தது. ‘கொரநாடு புலி’.

எனக்குப் பெருமைதான். எங்கள் வட்டாரத்துக்கு எழுத்தில் கூறைநாடு, வாயில் கொரநாடு. பட்டணத்தில் வளர்கிற பிள்ளை அம்மாச்சி ஊரைப் பெயரில் வைத்திருக்கிறதே! ஆனாலும் பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை. “டேய், ‘கொரநாட்டுப் புலி’ன்னு வரணும். ட் இரட்டிக்கணும், ப் வரணும்” என்றேன். “முதல்ல அப்படித்தான் அடிச்சேன் அம்மாச்சி, இடம் பத்தலை. பன்னெண்டுதான் விடும்” என்றான். கண்ணால் எண்ணினால் ‘கொரநாட்டுப் புலி’ எட்டே எழுத்து. கைபேசிக்கு அது எட்டு இல்லை. ‘கொ’ என்பதைக் ககரம் ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்து ஒன்று என இரண்டாக எண்ணுகிறது. புள்ளி தனி, சுழி தனி. இடைவெளிக்கும் ஒன்று. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், பதினாறு. ஒற்றுகளைத் தூக்கிவிட்டு ‘கொரநாடு புலி’ ஆக்கினால் கணக்காகப் பன்னிரண்டு. புணர்ச்சி விதி போயிற்று, புலி பிழைத்தது.

உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் கணினியில் எண் கொடுத்து இடம் ஒதுக்குகிற பொது முறை யூனிகோடு. அது தமிழுக்கு ஒதுக்கியது 128 இடம். நம் எழுத்துகளோ 247. அதனால்தான் இந்தப் பிரிப்பு. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்று பலர் வாதாடினார்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து அப்படிப்பட்ட இன்னொரு முறையையும் ஏற்றது. டேஸ்-16 என்று பெயர். எழுத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டார்களே என்று மேடையில் கண்ணீர் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். தமிழ் டைப்ரைட்டரில் நாங்கள் வேறென்ன செய்தோம்? புள்ளிக்குத் தனி விசை. அதைத் தட்டினால் உருளை நகராது, அப்புறம் எழுத்தைத் தட்டினால் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். ‘க்’ அடிக்க இரண்டு தட்டு. கைபேசியில் எழுத்து முதலில், புள்ளி பிறகு, அவ்வளவுதான் வித்தியாசம். பிரித்து வைப்பதில் பிழை இல்லை. பிரித்து வைத்ததை எண்ணி, “உனக்கு இடம் முடிந்தது” என்று சொல்கிற இடத்தில்தான் பிழை.

இப்போது படிவத்துக்கு வருகிறேன்.

என் கணவர் காலமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. எரிவாயு இணைப்பு அவர் பெயரில் இருந்தது. என் பெயருக்கு மாற்ற வேண்டும். நேரில் போனால் ஆன்லைனில் போடுங்கள் என்றார்கள். யார், எந்த நிறுவனம் என்பதெல்லாம் வேண்டாம். எல்லா இடத்திலும் இதே கூத்துதான். பேரனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெயரை எடுத்த எடுப்பிலேயே இரண்டாக உடைத்துக் கேட்டது. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம். எனக்கு இருப்பது ஒரு பெயர், ஒரு தலைப்பெழுத்து. அந்தத் தலைப்பெழுத்திலும் வரலாறு உண்டு. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் ‘கோ’. குடும்ப அட்டையில் கணவரின் ‘ரா’. வங்கிப் புத்தகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் கணவர் பெயரை முழுதாக என் பெயருக்குப் பின்னால் ஒட்டிவிட்டார். ஆதார் எடுக்கும்போது சான்றிதழைக் கொடுத்ததால் அங்கே மறுபடி ‘கோ’. டெல்டாவில் என் வயதுப் பெண்கள் பாதிப்பேர் இப்படித்தான் இருப்போம், ஒரு உடம்புக்கு மூன்று பெயர். போதாக்குறைக்கு என் பெயரில் ஒரு ழகரம். ஒரு அட்டையில் அது இசட்-எச், இன்னொன்றில் வெறும் எல்.

முதலில் தமிழில் அடித்தேன். 2021இல் அரசு ஆணையே போட்டிருக்கிறதே, தலைப்பெழுத்தையும் தமிழில்தான் எழுத வேண்டும் என்று. படிவம் தமிழை வாங்கவே இல்லை. பெட்டி சிவந்தது. சரி, ஆங்கிலத்தில் ‘ஜி’ போட்டுப் புள்ளி வைத்தேன். சிறப்புக் குறியீடு அனுமதி இல்லை என்றது. புள்ளி சிறப்புக் குறியீடாம்! மெய்யெழுத்துக்கு உயிரே புள்ளியில் இருக்கிறது என்று நினைக்கிற ஜாதி நாம். புள்ளியை எடுத்தேன். லாஸ்ட் நேம் குறைந்தது மூன்று எழுத்து இருக்க வேண்டும் என்றது. காலியாக விட்டேன். கட்டாயம் நிரப்ப வேண்டும் என்றது. இதற்கு நடுவில் ஓடிபி வந்தது. கைபேசி அடுப்படியில் சார்ஜில் கிடந்தது, எழுந்து போய்ப் பார்த்து வருவதற்குள் காலாவதி. நான் மனுஷிதானா என்று வேறு ஒரு சோதனை. ஒன்பது சதுரத்தில் தீயணைப்புக் குழாய் இருக்கும் படங்களைத் தொட வேண்டுமாம். சிவப்பாகக் குட்டையாக அமெரிக்கத் தெருவில் நிற்கிற சாமான். மாயவரத்தில் எந்தத் தெருவில் அதைப் பார்த்தோம்? மதகு, கண்மாய்க் கரை, வாய்க்கால் பாலம் என்று படம் போட்டுக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு தொடுகிறேன். அதில் இரண்டு தடவை தோற்றேன். பேரன் ஒரே தடவையில் ஜெயித்தான்.

பெயர் ஒரு மாதிரி நின்றது, மாவட்டம் வந்தது. நான் பிறந்தது திருத்துறைப்பூண்டி. அப்போது தஞ்சாவூர் மாவட்டம், இப்போது திருவாரூர். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தது 1982. அந்த வருஷம்தான் ஊருக்கும் மாயூரம் போய் மயிலாடுதுறை என்று பெயர் வந்தது. ஊரும் நானும் ஒரே வருஷத்தில் தலைப்பெழுத்து மாறினோம் என்று கணவர் கேலி செய்வார். வந்த வீட்டிலிருந்து ஓர் அடி நகரவில்லை நான். 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 2020 டிசம்பர் 28 முதல் மயிலாடுதுறை, மாநிலத்தின் 38ஆவது மாவட்டம். அந்தப் படிவத்தின் பட்டியலில் மயிலாடுதுறையே இல்லை. மதுரைக்கு அடுத்து நேராக நாகப்பட்டினம். பின்கோடு போட்டால் நாகப்பட்டினம் தானாக வந்து உட்கார்கிறது, அழித்தாலும் திரும்ப வருகிறது. ஆனால் ஒன்று, ரயில்வேக்காரர்கள் மட்டும் இன்றைக்கும் எங்கள் ஜங்ஷனுக்கு எம்.வி. என்றுதான் குறிப்பு வைத்திருக்கிறார்கள், மாயவரம் ஞாபகத்தில். திருச்சிக்கு டி.பி.ஜே., டிரிச்சினாப்பள்ளி காலத்துச் சரக்கு. டிக்கெட் கேட்கிறவர் மயிலாடுதுறை என்றாலும் மாயவரம் என்றாலும் மாயூரம் என்றாலும் கவுன்டரில் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். உள்ளே என்ன குறியீடு வைத்துக்கொள்கிறார்களோ அது அவர்கள் பாடு, வெளியே மனிதன் சொல்கிற பெயரை வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும்.

தலைப்பெழுத்து முறை ஒன்றும் நேற்று வந்த குழப்பம் இல்லை. உ.வே.சா. என்று நாம் சொல்கிறோமே, அதில் ‘உ’ பாபநாசத்துப் பக்கத்து உத்தமதானபுரம், ‘வே’ அவர் தகப்பனார் வேங்கடசுப்பையர். ஊர், அப்பா, அப்புறம் ஆள். முகவரி, வாரிசுச் சான்று எல்லாம் இரண்டு எழுத்தில் அடக்கம். இவரை அந்தப் படிவத்தின் முன் உட்கார வைத்தால் லாஸ்ட் நேம் உத்தமதானபுரம் ஆகியிருக்கும். அதுவும் பத்து எழுத்துக்கு மேல் போகாது என்று நடுவில் வெட்டியிருக்கும்.

என்னிடம் லோயர், ஹையர் முடித்துப் போன பையன் ஒருவன் இப்போது அமெரிக்காவில் இருக்கிறான். பாஸ்போர்ட்டில் அவனுக்கு ஒற்றைப் பெயர். விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சடித்துவிட்டார்களாம். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே எல்லாரும் அவனை ‘ஃப்னு’ என்று கூப்பிட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். 2022 நவம்பரில் அமீரகமும் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று சொல்லிவிட்டது. மன்னார்குடி, அதிராம்பட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிற ஊரில் அந்தச் செய்தி என்ன பாடு படுத்தியிருக்கும்! அயல்நாட்டான் சட்டத்துக்கு நாம் என்ன செய்ய முடியும், சரி. தமிழ்நாட்டில், தமிழர்களுக்காக, தமிழர்களே உட்கார்ந்து எழுதுகிற படிவத்திலும் ஏன் லாஸ்ட் நேம்? எழுதிய பிள்ளைக்கும் வீட்டில் ஒரு தலைப்பெழுத்துதானே இருக்கும்?

தமிழே வருவதில்லை என்று சொல்லமாட்டேன். வருகிறது. பூக்கடைக்காரம்மா வைத்திருக்கிற, கைபேசியில் அனுப்பிய பணம் வந்ததும் குரல் கொடுக்கிற பெட்டி “பதினைந்து ரூபாய் பெறப்பட்டது” என்று வானொலிச் செய்தி மாதிரி சொல்கிறது. அந்த அம்மா உடனே “பாஞ்சு ரூவா வந்திருச்சும்மா” என்று மொழிபெயர்ப்பார். ஏ.டி.எம்.மில் “உங்கள் பின்னை உள்ளிடவும்” என்று இருக்கிறது. எங்கள் தெருவில் பால் ஊற்றுகிற அம்மாள் அதைப் படித்துவிட்டு, சேலையில் குத்தியிருந்த ஊக்கைத் தொட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். ரகசிய எண் என்று போட்டிருந்தால் யாருக்கு நஷ்டம்? எழுதியவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பணம் எடுக்க வந்தவர் பின்னால் நின்று பார்த்திருந்தால் மாற்றியிருப்பார்.

என் பழைய மாணவிகள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தமிழ் ஹையரில் முதல் வகுப்பு வாங்கியவர்கள் அதில் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிறார்கள். “நாளைக்குப் பல்லிக்கு லீவு” என்று நான் வாய்விட்டுப் படித்தால் வீட்டில் சிரிக்கிறார்கள். மழை கொட்டினால் இங்கே பல்லி, பள்ளி இரண்டுக்கும் லீவுதான், அது வேறு. கேட்டால், “டீச்சர், அதுதான் சீக்கிரம் வருது” என்கிறார்கள். என்னிடம் வேகம் கற்றவர்கள்! பதிலுக்கு நான் தமிழிலேயே அடிக்கிறேன். அதிலும் ஒரு தொல்லை, நான் அடித்த சொல்லைக் கைபேசி தன் இஷ்டத்துக்குத் திருத்துகிறது. “கடைமுழுக்குக்கு வா” என்று அடித்ததைக் “கடை முழுக்க வா” என்று ஆக்கிவிட்டது. காவிரித் துலாக் கட்டத்தில் ஐப்பசி கடைசி நாள் முழுக்குக்கு அழைத்தால், அவள் எந்தக் கடை டீச்சர் என்று கேட்கிறாள்.

1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது எனக்கு 21 வயது. ‘லை’யின் யானைத் துதிக்கை போய்விட்டது. நாங்கள் கற்றுக்கொண்டு மாறினோம். என் அப்பா மாறவில்லை. கடைசிக் கடிதம் வரை துதிக்கை போட்டுத்தான் எழுதினார். மாயூரம் என்றுதான் முகவரி போட்டார், தஞ்சை ஜில்லா என்றும் சேர்ப்பார். நாகப்பட்டினம் மாவட்டம் ஆன பிறகும் அப்படித்தான். ஒரு கடிதம்கூட வராமல் போனதில்லை. தபால்காரர் வாசலில் நின்று “கோ பொண்ணு இருக்கா?” என்று கேட்பார். நான் அப்போது ‘ரா’ ஆகிப் பல வருஷம் ஆகியிருந்தது.

எரிவாயுக் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு மணி நேரம் போராடிவிட்டு நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பேரன், “முடிஞ்சிருச்சு அம்மாச்சி” என்றான். என்னடா போட்டாய் என்றேன். “மூணு எழுத்து கேட்டுச்சுல்ல? ஜி ஜி ஜி.” இடம் பத்தாதபோது ஒற்றைத் தூக்கத் தெரிந்தவனுக்கு, எழுத்து பத்தாதபோது கூட்டிப் போடவும் தெரிந்திருக்கிறது. ஆதாரில் இருக்கும் ஒற்றை ஜி-யோடு இது பொருந்தவில்லை என்று எந்தப் பெட்டியும் சிவக்கவில்லை. பத்தாம் நாள் ஒப்புதல் வந்தது, என் பெயருக்குப் பின்னால் மூன்று ஜி-யோடு.

இப்போது சிலிண்டர் கொண்டுவருகிற தம்பி தெருமுனையிலிருந்தே “ஜிஜிஜி அம்மா, ஓடிபி சொல்லுங்க” என்று கூப்பிடுகிறார். மாற்ற முடியுமா என்று நேரில் போய்க் கேட்டேன். பெயர்த் திருத்தத்துக்குத் தனிப் படிவம் இருக்கிறதாம், ஆன்லைனில்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, படிவம் செய்கிறவர்கள் யாராவது தங்கள் நாளிதழ் படிப்பவர்களாக இருந்தால் அவர்களுக்கு என் விண்ணப்பம் இது. பெயருக்கு ஒரே ஒரு பெட்டி வையுங்கள். அதில் புள்ளியை விடுங்கள். தமிழை வாங்குங்கள். எத்தனை எழுத்து என்று எண்ணாதீர்கள், உங்களுக்கு எண்ணவும் வரவில்லை. மயிலாடுதுறையைப் பட்டியலில் சேருங்கள், ஐந்து வருஷம் ஆயிற்று. அந்த வாசகருக்கும் ஒரு வார்த்தை. விளையாட்டில் என் பேரனுக்கு இரண்டு ஒற்று போயிற்று, உண்மைதான். தீபாவளிக்கு வரும்போது சொல்லிக்கொடுக்கிறேன்.

கைபேசியில் அடித்து அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தங்கள் நாளிதழின் இணையப் பக்கத்தில் வாசகர் கடிதம் என்ற இடத்தைத் தொட்டதும் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு பெட்டி வந்து நின்றது. அதனால் பரணிலிருந்து மெஷினை இறக்கி, ரிப்பனுக்கு எண்ணெய் தொட்டு, தாளில் அடித்துத் தபாலில் அனுப்புகிறேன். ‘ழ’ கொஞ்சம் மங்கலாக விழுகிறது, மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஜிஜிஜி (எரிவாயுப் புத்தகத்தின்படி)
கூறைநாடு, மயிலாடுதுறை.

பி.கு.: சொந்தப் பெயரை வெளியிட வேண்டாம். தலைப்பெழுத்து மட்டும் போட வேண்டுமென்றால் ‘கோ’ அல்லது ‘ரா’, அச்சுக்கோப்பவருக்கு எது வசதியோ அது.